நிப்பா: ஓர் ஊர்ப்பெயர் கற்பிக்கும் பாடம்

நிப்பா என்பது ஆற்று முகத்துவாரச் சேற்றில் வளரும் ஒருவகைப் பனையின் மலாய்ப் பெயர். அப்பெயர் தாங்கிய சுங்கை நிப்பா என்னும் சிற்றூர் நெகிரி செம்பிலானில் உள்ளது. இன்று உலக மருத்துவ நூல்கள் அப்பெயரை ஒரு கொடிய கிருமியின் பெயராகவே அறிகின்றன. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை இங்கு நாம் காண்போம்.

1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர் சிலர் காய்ச்சலும் தலைவலியும் கண்டு நினைவிழந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என அது கருதப்பட்டது. அக்கருத்துக்குக் காரணமும் இருந்தது. அந்நோய்க்கிருமி பன்றிகளின் உடலில் பெருகிக் கொசுக்களால் பரவுவது. நோயாளர் சிலரின் குருதியில் அதன் அடையாளமும் தென்பட்டது. ஆகவே கொசு மருந்துப் புகை அடித்தனர், தடுப்பூசி போட்டனர். நோயோ நிற்கவில்லை. பன்றிகள் தெற்கே கொண்டு செல்லப்பட்டபோது அதுவும் உடன் சென்றது.

உண்மையைச் சுட்டும் குறிகள் கண்முன்னே இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்கும். இதுவோ பண்ணையில் உழைக்கும் பெரியவர்களைத் தாக்கியது. தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் நோயுற்றனர். பன்றிகளும் உரத்த இருமலோடு நோயுற்றன. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளியிடமிருந்து பெற்ற மாதிரியில் புதிய கிருமியைக் கண்டறிந்தார். நோய் ஓய்ந்தபோது மலேசியாவில் 265 பேர் நோயுற்று, 105 பேர் மாண்டிருந்தனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. பல குடும்பங்கள் வாழ்வாதாரத்தை இழந்தன.

இக்கிருமி எங்கிருந்து வந்தது? தியோமான் தீவின் பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரிலும், அவை கடித்துப்போட்ட பழத்திலும் ஆய்வாளர் அதனைக் கண்டனர். வௌவால்கள் தாம் நோயுறாமலே அதனைச் சுமப்பவை. மாறியது வௌவால் அன்று. மனிதன் அமைத்த சூழலே. காட்டோரத்தில் பெரும் பண்ணைகள் எழுந்தன. கொட்டில்களை ஒட்டியே மாமரங்கள் நடப்பட்டன. பழம் தேடி வௌவால் வந்தது. அதன் எச்சிற்பழம் பன்றியின் வாய்க்குச் சென்றது. பன்றியிடமிருந்து கிருமி மனிதனை அடைந்தது. காடழிப்பும் 1997-ஆம் ஆண்டின் புகைமூட்டமும் வௌவால்களை இடம்பெயரச் செய்தன என்பாரும் உளர். பண்ணை அமைப்பே முதற்காரணம் என்பாரும் உளர். காட்டுக்கும் பண்ணைக்கும் இடையே இருக்கவேண்டிய எல்லை குலைந்தது என்பதில் இருசாராரும் ஒன்றுபடுவர்.

அங்ஙனமாயின் வௌவால்களை அழித்துவிடலாமா? அதே தியோமான் தீவில் நடந்து 2017-இல் வெளிவந்த ஆய்வு, டுரியான் பூக்களில் மகரந்தச் சேர்க்கை நிகழ அவ்வௌவால்கள் துணைபுரிவதைக் காட்டியது. அவற்றை அழித்தால் நமக்கே இழப்பு. கொட்டிலுக்கும் பழமரத்துக்கும் இடைவெளி விடுவதே அறிவுடைமை. வங்கதேசத்தில் ஈச்சஞ்சாற்றின் வழியே இக்கிருமி பரவியபோது, சாறு வடியும் இடத்தை மூங்கில் தட்டியால் மறைத்து வௌவாலைத் தடுக்கும் எளிய முறையை ஆய்வாளர் சோதித்துக் காட்டினர்.

கொள்ளைநோய்த் தடுப்பு மருத்துவமனை வாயிலில் தொடங்குவதன்று. காடும் பண்ணையும் சந்திக்கும் வேலியோரத்தில் தொடங்குவது. விலங்கு நலமும் மனித நலமும் சூழல் நலமும் ஒன்றே என நம் மாணவர் உணர்வாராயின், அந்த 105 உயிர்கள் கற்பித்த பாடம் வீணாகாது.