மாரியூர் உப்பும் பாபநாசத்து மின்சாரமும்

ஆனி, ஆடி மாதங்களில் மாரியூர் உப்பளத்து வரப்பில் நிற்போரின் முகத்தில் அறையும் மேல்காற்று, பாத்தியில் தேங்கிய உவர்நீரைச் சுண்டவைத்து, வாருபலகைக்கு அகப்படும்படி வெள்ளை வெளேரென்று உப்பைப் பூக்கச் செய்கிறது. தன் ஈரத்தையெல்லாம் பொதிகைச் சிகரங்களில் இறக்கிவிட்டு வெறுங்கையோடு வருவதனால்தான் அந்தக் காற்று இராமநாதபுரக் கரைக்கு உப்பைத் தருகிறது, மழையைத் தருவதில்லை. மலை பிடித்துக்கொண்ட அந்த மழையின் பலனில் ஒரு பங்கு பிற்காலத்தில் மின்சாரமாக இந்த ஜில்லாவுக்கு வந்த வரலாறு பாபநாசத்தில் தொடங்குகிறது.

மேற்கு மலையின் ஜலத்தைக் கிழக்கே கொணரும் ஆசை இந்தச் சீமைக்குப் புதிதன்று. சேதுபதி சம்ஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பெரியாற்றைத் திருப்பும் வழியை ஆராய ஆட்களை அனுப்பினார். பொருளின்மையால் அந்த யோசனை நின்றுபோயிற்று. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுக் அதனை 1895இல் நிறைவேற்றியபோது மதுரைப் பக்கத்து வயல்கள் செழித்தன. மாரியூரை அடுத்த சாயல்குடிக் கரையின் வறட்சியோ அப்படியே இருந்தது.

தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் பாபநாசத்தில், 1880களிலேயே ஹார்வி சகோதரர்கள் திருநெல்வேலி மில்லை நிறுவி, அருவியின் வேகத்தால் டர்பைனைச் சுழற்றிக் நூற்புக் கதிர்களை ஓட்டினர். நிலக்கரி விலையேறிய பொருளாயிருந்த தென்கோடியில், விக்கிரமசிங்கபுரம் என்ற சிற்றூர் ஆலைத்தொழிலின் ஊராக வளர்ந்ததற்கு அந்த ஜலசக்தியே மூலம். சர்க்கார் இவ்விடத்துக்கு வந்தது வெகுகாலம் கழித்துத்தான். நீலகிரியில் பைக்காரா 1932இலும், காவேரியில் மேட்டூர் 1937இலும் மின்சாரம் தரத் தொடங்கிய பின்னர், 1938இல் பாபநாசத்தில் வேலை ஆரம்பமாகி, உலக யுத்தத்தின் நடுவே 1944இல் மின்நிலையம் இயங்கலாயிற்று. பிற்காலத்தில் நான்கு யந்திரங்களும் சேர்ந்து தந்த சக்தி 28,000 கிலோவாட். இன்றைய அளவுக்கு அற்பமேயாயினும், மண்ணெண்ணெய் விளக்கில் படித்த ஒரு தலைமுறைக்கு அது சாமானியமான தொகையன்று.

அந்த அமைப்பில் என்னைப் பெரிதும் கவர்வது அதன் ஒழுங்கு. மேலே காரையாற்று அணையில் 143 அடி வரை தேக்கிய நீர் ஆற்றுவழியே இறங்கிக் கீழணையில் மறுபடி நின்று, அங்கிருந்து குழாய்களில் பாய்ந்து, அகஸ்தியர் அருவிக்கு அருகிலுள்ள நிலையத்தில் யந்திரங்களைச் சுழற்றிவிட்டு ஆற்றிலேயே சேர்ந்துவிடுகிறது. கார், பிசானம் என்னும் இரு போகங்களுக்கும் தலையணை முதல் ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள அணைக்கட்டுகளின் பாத்தியதை பழமையானது. பயிரின் தேவையை நோக்கியே அணை திறக்கப்படுகிறது. உழவனின் நீரை அபகரிக்காமல் அதன் வேகத்தை மட்டும் வாங்கிக்கொண்ட இந்த ஏற்பாடு, ஆலைச் சிமினிகளையெல்லாம்விட உயர்ந்த நாகரிகத்தின் அடையாளம் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் கம்பி சென்ற வழியில் அத்தகைய நியாயம் இருந்ததென்று சொல்ல இயலாது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய மூன்று ஜில்லாக்களுக்கென்று பேசப்பட்ட திட்டந்தான். எனினும் அந்நாளைய இராமநாதபுரம் ஜில்லா மேற்கே இராஜபாளையம், விருதுநகர் வரை பரந்திருந்தது. பஞ்சாலையும் வாணிபமும் உள்ள அந்த மேற்கு ஊர்கள் முந்திக்கொள்ள, வாங்குவார் குறைந்த கடற்கரைக் கிராமங்கள் காத்துக் கிடந்தன. காமராஜர் மந்திரிசபைக் காலத்தில், 1957இல் மின்சார வாரியமும் தோன்றிய பிறகே, கிராமங்களுக்குக் கம்பி இழுக்கும் பணி வேகம் பெற்றது. அதற்குள் பைக்காரா, மேட்டூர், பாபநாசம் ஆகியவற்றின் சக்தி ஒரே வலையில் கலந்துவிட்டது. முத்திருளப்ப பிள்ளை நாடிய பெரியாற்று நீரும் லோயர்கேம்பில் மின்சாரம் ஈன்று அதனுடன் சேர்ந்தது. 1974இல் தமிழ்நாடு உப்புக் கழகம் ஏற்பட்டு மாரியூர், வாலிநோக்கம் பகுதியில் உப்பு விளைவிக்க முற்பட்டபோது, இக்கரைக்கு வரும் மின்சாரத்தில் எது எந்த மலையின் மழை என்று பிரித்துச் சொல்ல இயலாத நிலை வந்துவிட்டிருந்தது.