சிறார் கண்ட குற்றமும் வன்னியின் கணக்கும்

வன்னிநாட்டின் பழைய நிலையை ஆராயப் புகுவோர் முதற்கண் நாடும் நூல்களுள் ஒன்று, ஜே. பி. லூயிஸ் என்பார் 1895 ஆம் ஆண்டில் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலாகும். அதே ஆண்டிலேயே இலங்கையின் சான்றுக் கட்டளைச்சட்டமும் இயற்றப்பட்டது. வினாவை விளங்கி அறிவுக்கொத்த விடை கூறவல்ல எவரும் சாட்சியாகலாம், இளமை ஒன்றே தடையாகாது என்பது அதன் 118 ஆம் பிரிவின் கருத்து. ஆகவே சிறுவன் சொல்லைச் சட்டம் நூறாண்டுகளுக்கு முன்னரே ஏற்றிருந்தது. எனினும், மன்றேறிய சிறுவனையே அது கேட்டது. மன்றேறாத சிறார்க்கு நேர்ந்தவற்றை அறிய அதன்கண் வழியில்லை.

பொலிசாரின் பதிவேடு முறைப்பாடு செய்தோரை மாத்திரம் அறியும். இக்குறையை உணர்ந்தே, வீடுதோறுஞ் சென்று, குற்றத்துக்கு ஆளானோரையே வினவும் முறை பிற்காலத்தில் எழுந்தது. அமெரிக்கர் 1972 இல் தொடங்கிய கணிப்பு 12 வயதினரையும் அவர்க்கு மூத்தோரையும் கேட்டது. பிரித்தானியர் 1982 இல் தொடங்கியது 16 வயதினின்றே தொடங்கிற்று. 10 முதல் 15 வயதுச் சிறார் அதன் நிலையான பகுதியாகச் சேர்ந்தது 2009 இலேதான். சிறார் மிகைபடக் கூறுவர் என்னும் ஐயம் ஒருபுறம். தீங்கிழைத்தவரே வீட்டில் உடனிருக்கக்கூடும் என்னும் அச்சம் மறுபுறம். இந்திய அரசின் ஆய்வொன்று 2007 இல் 13 மாநிலங்களில் 12,447 சிறாரை வினவி, இத்துறையில் ஆசியாவுக்கு ஒரு முன்மாதிரி காட்டிற்று.

வன்னியின் நிலையோ தனிப்பட்டது. 2002 ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின்போது ஓமந்தைக்குத் தெற்கே அரசின் பொலிசாரும், வடக்கே கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் விடுதலைப் புலிகளின் காவற்றுறையும் நீதிமன்றங்களும் இயங்கின. இரு பதிவேடுகள் இருந்தும், சிறாரைப் படைக்குச் சேர்த்த குற்றத்தை எதிற் பதிவது? சேர்த்தவரே காவலராயிருந்த இடத்திற் பிள்ளை எங்கே முறையிடும்? பெற்றோர் பிள்ளைகளை ஒளித்து வைத்தனர். இளவயதிலே மணம் முடித்து வைத்தோரும் உளர். சிறாரைப் போருக்குச் சேர்ப்பதைத் தண்டனைச் சட்டக்கோவை வெளிப்படையாகக் குற்றமாக்கியது 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தால். அச்சட்டம் வன்னியின் பெரும்பகுதிக்கு அன்று எட்டவில்லை. 2009 மே மாதத்திற் போர் முடியுமளவும் அந்நிலையே நீடித்தது.

இத்தகைய சூழலில் வடகீழ்ப் பகுதியில் நிகழ்ந்த இரு கணிப்புகள் குறிப்பிடத்தக்கன. தோமஸ் எல்பேட் முதலியோர் 2009 இல் வெளியிட்ட ஆய்வு 420 பள்ளிச் சிறாரை வினவியது. கேட்டோர் அயல்நாட்டார் அல்லர். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆசிரிய ஆலோசகர்களே. நூற்றுக்கு 92 பேர் குண்டுவீச்சு, ஷெல் வீச்சு, உறவினர் மரணம் முதலிய கொடுமைகளைக் கண்டிருந்தனர். நூற்றுக்கு 25 பேர் அவற்றால் உளநோய்க்கு ஆளாகியிருந்தனர்.

கிளாடியா கத்தானி முதலியோர் 2008 இல் வெளியிட்ட மற்றைய ஆய்வே கூர்ந்து நோக்கற்பாலது. அதில் வினவப்பட்ட 296 தமிழ்ச் சிறாருள் போர்க்கொடுமை ஏதேனும் ஒன்றைக் கூறினோர் நூற்றுக்கு 82.4, வீட்டு வன்முறை ஏதேனும் ஒன்றைக் கூறினோர் நூற்றுக்கு 95.6! ஒன்றையேனும் கூறினோர் அனைவரும் இத்தொகையில் அடங்குதலின், யாவரும் ஒரே அளவிற் துன்புற்றனர் எனக் கொள்ளுதல் தவறு. ஆயினும் குண்டினும் வீட்டார் கை கூடுதலாகப் பேசப்பட்டமையை மறைத்தற்கியலாது. தந்தையின் குடிப்பழக்கமும் போரிற் பட்ட துன்பமும் வீட்டு வன்முறையோடு தொடர்புற்றிருந்தமையையும் அவ்வாய்வு காட்டிற்று. வெளியே நிகழ்ந்த போர் இவ்வாறு அடுக்களை வரை வந்துவிட்டது.

இனி, கேட்பவர் யாரென்பதும் சிந்திக்கத்தக்கது. பள்ளியில் உடற்றண்டனையை விலக்கிக் கல்வி அமைச்சு 2005 இற் சுற்றறிக்கை விடுத்ததெனினும், பிரம்பு பல வகுப்பறைகளை விட்டு அகலவில்லை. அடித்த ஆசிரியரே வினாத்தாளுடன் வந்து, "உன்னை எவரேனும் அடித்தனரா?" என்று கேட்பாராயின், எப்பிள்ளை உண்மை உரைக்கும்? வகுப்பாசிரியர் அல்லாத ஒருவர், பிள்ளையைத் தனியே இருத்தி, அதன் ஊர்ப் பேச்சிலே கேட்டல் வேண்டும். விடையைப் பெற்றோர்க்கோ அதிபருக்கோ காட்டாது காத்தலும் வேண்டும். தீங்கு தொடர்வதாயின் உதவி செய்வோரிடம் பிள்ளையைச் சேர்ப்பிக்கவும் வேண்டும்.