பினாங்குக் காற்பந்தும் நம் வீட்டுப் பழைய படங்களும்

நம் சங்கம் ஐம்பதாவது ஆண்டை நிறைவு செய்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பினாங்குக்காரர்களாகிய நாம் ஏறக்குறைய இதே அளவு காலமாக இன்னொன்றையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மலேசியக் கிண்ணத்தைப் பினாங்கு அணி கடைசியாக வென்றது 1974இல். இறுதி ஆட்டத்தில் பேராக்கை 2-1 என்ற கோல் கணக்கில் வீழ்த்தினார்கள். அதன் பிறகு அந்தக் கிண்ணம் நம் தீவுக்குத் திரும்பி வரவில்லை.

சங்கத்தின் வரலாற்றை மூத்தவர்கள் எழுதுவதே பொருத்தம். வியாபாரத்தில் இருக்கும் முப்பதுகளின் தலைமுறையான நாங்கள் காற்பந்து பற்றி எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. ரசிகர்கள் பழைய படங்களைத் தேடி எடுத்து ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். கடைகளில், தேநீர் மேசைகளில், கல்யாண வீடுகளில் கைப்பேசிகள் கைமாறுகின்றன. “இது யார்?” என்ற கேள்வி எழுகிறது. பதில் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். 1974இல் இருபது வயது இளைஞராக இருந்தவர் இன்று எழுபதைத் தொட்டிருப்பார்.

படங்களுக்குப் பின்னால் இருக்கும் கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். 1921ஆம் ஆண்டு ‘மலாயா’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இந்தப் பக்கம் வந்து சென்றது. அதன் மாலுமிகள் அன்பளிப்பாகக் கொடுத்த கிண்ணத்துக்காகத்தான் மாநிலங்கள் மோதத் தொடங்கின. மலாயாக் கிண்ணம் என்று அழைக்கப்பட்ட அந்தப் போட்டி 1967இல் மலேசியக் கிண்ணம் ஆயிற்று.

அந்தக் காலத்து ஜார்ஜ் டவுனில் ஒவ்வொரு சமூகத்துக்கும் தனித்தனி மன்றம் இருந்தது. பாடாங் கோத்தா லாமா திடலின் ஒரு முனை ஐரோப்பியர்களின் கிரிக்கெட் கிளப்புக்கு, மறுமுனை யூரேசியர்களின் ரிக்ரியேஷன் கிளப்புக்கு. சீனர்களுக்கும் சொந்த மன்றம் இருந்தது. கடல் தாண்டிக் கல்கத்தாவிலும் இதே கதைதான். 1891இல் பிறந்த முகமதன் ஸ்போர்ட்டிங் அணி 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை கல்கத்தா லீக்கை வென்றது. அதுவரை எந்த இந்திய அணியும் அந்த லீக்கை வென்றதில்லை. அது ஒரு சமூகம் தன் பெயரைச் சொல்லித் தலைநிமிர்ந்த வெற்றி. பினாங்கு மாநில அணியின் வெற்றி வேறு வகை. மலாய்க்காரர், சீனர், நாம் எல்லோரும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்து ஒரே பெயரைச் சொல்லிக் கத்தினோம். அதனால்தான் அந்தப் படங்கள் எல்லா வீடுகளுக்கும் சொந்தம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பினாங்கு இறுதி ஆட்டம் வரை சென்று சிங்கப்பூரிடம் தோற்றது.  1953இல் முதன்முறையாகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார்கள். 1954இல் மறுபடியும், 1958இல் மூன்றாம் முறையும் வென்றார்கள். பிறகு நீண்ட காத்திருப்பு. 1968 இறுதி ஆட்டத்தில் சிலாங்கூரிடம் 8-1 என்று தோற்றது நம் பெரியவர்களுக்கு ஆறாத காயம். அடுத்த ஆண்டும் அதே சிலாங்கூரிடம் இறுதியில் தோல்வி.

அதே 1969இல்தான் ஜார்ஜ் டவுன் தன் சுங்கவரியற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த வியாபாரிகளுக்கு அது எவ்வளவு பெரிய அடி என்று விளக்கத் தேவையில்லை. வேலை தேடிப் பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன காலம் அது. அந்த நிலையில் வந்த வெற்றி 1974. சகோதரர்கள் நாமாட் அப்துல்லா, ஷஹாருடின் அப்துல்லா, இரட்டையர்கள் ஈசா பக்கார், அலி பக்கார், நடுத்திடலில் ஷுக்கோர் சாலே என்று எழுபதுகளில் பினாங்குக்கு ஆடியவர்களின் பெயர்களை நம் வீடுகளில் சொந்தக்காரர்களின் பெயர்களைப் போலச் சொல்வார்கள். நாமாட்டும் ஷஹாருடினும் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணியில் இருந்தவர்கள். ஊர் தளர்ந்திருந்த நேரத்தில் தன்னம்பிக்கை தந்த பெயர்கள் இவை. 1977இல் மீண்டும் இறுதி ஆட்டம், மீண்டும் சிங்கப்பூர். இந்த முறை 2-3 என்று கைநழுவியது.

எங்கள் தலைமுறைக்கு மலேசியக் கிண்ணம் செவிவழிச் செய்தி மட்டுமே. நாங்கள் கண்ணால் கண்டது 1998, 2001 லீக் பட்டங்களும் 2002இன் எஃப்.ஏ. கிண்ணமும். 2016 பிப்ரவரியில் சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக் காற்றில் திசை மாறி வலைக்குள் விழுந்தது. உலகின் சிறந்த கோலுக்கான புஷ்காஸ் விருதை ஃபிஃபா அதற்கு வழங்கியது. மறு ஆண்டே அணி சூப்பர் லீக்கிலிருந்து கீழிறங்கியதையும், 2020இல் பிரிமியர் லீக்கை வென்று மேலேறியதையும் பார்த்தோம். இவை எல்லாம் கைப்பேசியில் பத்திரமாக இருக்கின்றன. ஆபத்தில் இருப்பவை நம் அத்தாக்கள், பாட்டனார்கள் காலத்துப் படங்கள்.

பெயரில்லாத படம் பில் இல்லாத சரக்கு மாதிரி. கையில் இருக்கும், கணக்கில் வராது. ஆனாலும் படத்துக்குள்ளேயே சில தடயங்கள் உண்டு. பந்து கயிறு போட்டுக் கட்டிய பழுப்புத் தோல் பந்தா, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் உள்ள பந்தா என்று பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டப் பந்து 1970 உலகக் கிண்ணத்துக்குப் பிறகே உலகமெங்கும் பரவியது. பின்னணிப் பலகையில் ‘சிட்டி’ என்ற சொல் இருந்தால், ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்ற 1957 ஜனவரி 1க்குப் பிந்தைய படம். தூரத்தில் கொம்தார் கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தால் எழுபதுகளின் பிற்பகுதி அல்லது எண்பதுகள். சட்டைக் காலர், கடைப் பலகை, நிற்கும் கார் எல்லாமே சாட்சி சொல்லும்.

பாதுகாக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். பசைத்தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் காலப்போக்கில் படம் மஞ்சளாகி ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்த்து எடுக்காமல், ஆல்பத்தில் இருக்கும்போதே முதலில் பிரதி எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். எனவே குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பின்புறத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கத்தில் தடம் விழும். மென்மையான பென்சிலால் ஓரத்தில் லேசாக எழுதுங்கள். யார், எங்கே, எப்போது, யார் சொன்னது என்ற நான்கு விவரம் போதும்.

கிண்ணத்தோடு நிற்கும் அணியின் படங்கள் பத்திரிகைகளில் உண்டு, அவை அழியாது. பத்திரிகையில் இல்லாதவை நம்மிடம்தான் இருக்கின்றன. கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுத் திடலுக்குக் கிளம்பிய கூட்டம், வெற்றிக்கு மறுநாள் கடைவாசலில் எடுத்த படம், தெருப்பிள்ளைகளின் ஏழு பேர் அணி, ஓரத்தில் சட்டைகளையும் செருப்புகளையும் காவல் காத்த தம்பி. அந்தத் தம்பி இன்று யாரோ ஒருவருக்குப் பாட்டனாராக இருக்கலாம். அவர் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. நாம் எழுதினால்தான் உண்டு.

இதில் பெண்களின் பங்கும் பெரிது. திடலுக்குப் போனவர்களுக்கு ஆட்டம் நினைவிருக்கும். வீட்டில் வானொலி கேட்டபடி காத்திருந்த நம் தாய்மார்களுக்கோ அந்த ஆண்டில் பிறந்த பிள்ளை யார், குடியிருந்த வீடு எது, யார் ஊருக்குப் போயிருந்தார் என்பதெல்லாம் நினைவிருக்கும். ஒரு படத்தின் தேதியைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆல்பங்களை இத்தனை காலம் காத்து வைத்திருப்பவர்களும் அவர்கள்தான்.

சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஸருக்குப் பிறகு, சங்கக் கூடத்தில் ஒரு நீள மேசை போடுவோம். குடும்பங்கள் படங்களோடு வரட்டும். மூத்தவர்களை நடுவில் உட்கார வைத்து, பிள்ளைகள் கையில் பென்சிலும் நோட்டும் கொடுப்போம். பிரதி எடுத்துக்கொண்டு, மூலப் படத்தை அன்றே உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். செலவு தேநீருக்கும் பலகாரத்துக்கும் மட்டும்தான். அதை வியாபாரிகளாகிய நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.