பெட்டியில் வந்த விமானம்

1924 ஜூன் 11ஆம் தேதி, பர்மாவின் அக்யாப் துறைமுகத்துக்கு அமெரிக்கக் கடற்படையின் ‘வில்லியம் பி. பிரஸ்டன்’ என்ற நாசகாரிக் கப்பல் வந்து சேர்ந்தது. அதில் பீரங்கிகளோடு பெரிய மரப்பெட்டிகளும் இருந்தன. அவற்றுக்குள் கழற்றி அடுக்கப்பட்டிருந்தது ஒரு பிரிட்டிஷ் விமானம். உலகை முதலில் சுற்றி வரப் போவது பிரிட்டனா அமெரிக்காவா என்று இரு நாட்டுப் பத்திரிகைகளும் பந்தயம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. போட்டியாளன் விமானத்தை இழந்து நிற்கிறான். அவனுக்கு மாற்று விமானத்தைச் சுமந்து வந்தவர்கள் எதிரணிக்காரர்கள்.

அந்த விமானத்தின் பெயர் விக்கர்ஸ் வல்ச்சர். நீரிலும் நிலத்திலும் இறங்கக்கூடிய சிறிய ஈருடக விமானம். படகு போன்ற மர அடிப்பாகம், இரண்டு அடுக்கு இறக்கைகள், தேவைப்படும்போது மேலே தூக்கிக்கொள்ளும் சக்கரங்கள், பின்னாலிருந்து தள்ளும் ஒரே ஒரு எஞ்சின். அதன் வரலாறு, அது பிறப்பதற்கு முன்பே இரண்டு விபத்துகளில் தொடங்குகிறது.

வல்ச்சருக்கு முந்தைய வார்ப்பு விக்கர்ஸ் வைகிங். அட்லாண்டிக் பெருங்கடலை முதன்முதலில் நிற்காமல் பறந்து கடந்த இருவரில் ஒருவரான ஜான் ஆல்காக், 1919 டிசம்பர் 18 அன்று முதல் வைகிங்கைப் பாரிஸ் கண்காட்சிக்கு ஓட்டிச் சென்றார். நார்மண்டியில் மூடுபனியில் சிக்கி விழுந்து இறந்தார். அடுத்தது நம் மலாயா மண்ணுக்கு நெருங்கிய கதை. அதே 1919இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு விக்கர்ஸ் விமி விமானத்தில் பறந்த ராஸ் ஸ்மித், டிசம்பர் 4 அன்று சயாமின் சிங்கோராவிலிருந்து கிளம்பி, மலாயாத் தீபகற்பத்தின் வழியே சிங்கப்பூர் வந்து ஃபாரர் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் இறங்கினார். அந்தப் பெரிய விமானத்துக்குத் திடல் போதாது. தரை தொடும் நேரத்தில் மெக்கானிக் பென்னட் ஓடும் விமானத்தின் முதுகில் ஊர்ந்து போய், தன் உடல் எடையால் வாலை அழுத்திப் பிடித்தார். விமானம் நின்றது. உலகைச் சுற்றும் பயணத்துக்காக இந்த இருவரும் 1922 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸில் ஒரு வைகிங்கைச் சோதித்தார்கள். அது சுழன்று விழுந்தது. இருவரும் இறந்தார்கள்.

அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார் ஸ்குவாட்ரன் லீடர் மெக்லாரன். உடன் வந்தவர்கள் விமானி பிளெண்டர்லீத், மெக்கானிக் சார்ஜண்ட் ஆண்ட்ரூஸ். 1924 மார்ச் 25, கால்ஷாட். வல்ச்சர் கிழக்கு நோக்கிக் கிளம்பியது.

ஈருடக விமானத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. வழியெங்கும் விமானத் தளங்கள் இல்லாத காலம். ஆறும் ஏரியும் கடலும் இருக்கும் இடமெல்லாம் ஓடுபாதை. அவை இல்லாத இடத்தில் மைதானம் போதும். எங்கும் இறங்கலாம், யாரையும் நம்ப வேண்டாம் என்பதுதான் இந்த வகையின் வாக்குறுதி. ஆனால் வாக்குறுதிக்கு விலை உண்டு. படகின் எடையையும் சக்கரத்தின் எடையையும் ஒரே எஞ்சின் தூக்க வேண்டும். நீர்த்துளி அடித்து உந்துவிசிறி கெடாமலிருக்க எஞ்சினை உயரத்தில் வைத்தார்கள். உயரத்தில் வைத்தால் விசையைக் கூட்டும்போது மூக்கு தாழும், எஞ்சின் திடீரென நின்றால் மூக்கு தூக்கும். வேகம் குறைந்த நேரத்தில் விமானி கைகளால் அதை உடனே சரி செய்யாவிட்டால் இறக்கை தாங்கும் திறனை இழந்துவிடும். இன்றைய இலகுரக ஈருடக விமானங்களிலும் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

இறங்குவதில் இன்னொரு சிக்கல். அக்காலச் சக்கர விமானங்கள் தரையில் மோதும் அதிர்ச்சியை டயரும், அச்சைச் சுற்றிக் கட்டிய ரப்பர்க் கயிறும் வாங்கிக்கொண்டன. அந்த ரப்பருக்கும் மலாயாவுக்கும் தொடர்பு உண்டு. 1896இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்டு, பிறகு புக்கிட் அசகானில் பெருந்தோட்டமாக விரித்தார். 1920களில் உலக ரப்பரில் ஏறத்தாழப் பாதி மலாயாவிலிருந்து போனது. விடியலில் நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிய பால், உலகின் எங்கெங்கோ இறங்கிய சக்கரங்களுக்குக் கீழே இருந்தது. நீரில் இறங்கும்போது அந்த ரப்பர் உதவாது. அடிப்பலகையே நேராக அடி வாங்கும். வேகமாக மோதும்போது தண்ணீர் சிமெண்டுத் தரைபோல் இறுகி நிற்கும். கோணம் சற்றுத் தவறினால் விமானம் துள்ளும். துள்ளலை அடக்கப் போய் அடுத்த துள்ளல் பெரிதாகும். மூன்றாவதில் மூக்கு உள்ளே போய்விடும். அலையே இல்லாத கண்ணாடி நீர் இன்னும் ஆபத்து. மேற்பரப்பு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தைக் கீழே விட்டபடி நீரில் இறங்கினால் விமானம் குப்புறக் கவிழும். அதனால்தான் இப்போதைய ஈருடக விமானங்கள் பலவற்றில், இறங்குவதற்கு முன் நீரா தரையா என்று விமானிக்கு நினைவூட்டும் குரல் எச்சரிக்கையே வைத்திருக்கிறார்கள்.

வல்ச்சருக்கு முதல் அடி எஞ்சினிலிருந்து வந்தது. நேப்பியர் லயன் அக்காலத்தின் பெயர்பெற்ற எஞ்சின். நான்கு நான்காக மூன்று வரிசையில் 12 சிலிண்டர்கள், ஏறத்தாழ 450 குதிரைத் திறன். எஞ்சினின் வேகத்தில் விசிறி சுழன்றால் அதன் திறன் வீணாகும். எனவே இடையில் பற்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்தார்கள். இத்தாலியைத் தாண்டி ஏதென்ஸ் நோக்கிப் போகும் வழியில் அந்தப் பற்சக்கரம் தேய்ந்து போனது. கோர்ஃபூ தீவில் ஓர் ஏரியில் இறங்கினார்கள். இந்த இடத்தில் ஈருடகம் தன் வேலையைச் செய்தது. வேறு விமானமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஏரியில் பத்திரமாக மிதந்த விமானத்தை மறுபடி எழுப்ப இங்கிலாந்திலிருந்து புது எஞ்சின் வந்தாக வேண்டும். காத்திருந்தார்கள்.

பிறகு ஏதென்ஸ், கெய்ரோ, பாக்தாத், கராச்சி. ராஜபுதனத்தில் பர்லு என்ற ஊருக்கருகே மறுபடியும் எஞ்சின் கைவிட்டது. இம்முறை ஏரி இல்லை, வறண்ட நிலம், சக்கரம் உதவியது. மறுபடி ஒரு புது எஞ்சின், மறுபடி காத்திருப்பு. மெக்லாரனுக்கு நாள் கணக்கு முக்கியம். தென்மேற்குப் பருவமழைக்கு முன் வங்காள விரிகுடாவைத் தாண்டியாக வேண்டும். கோர்ஃபூவிலும் பர்லுவிலும் தொலைத்த நாட்களுக்கு மழை வட்டியோடு கணக்குத் தீர்த்தது. கல்கத்தாவைக் கடந்து மே மாதக் கடைசியில் அக்யாபை அடைந்தபோது அராக்கன் கரையில் மழை பிடித்துவிட்டது. அங்கே வல்ச்சர் நொறுங்கியது. மூவரும் பிழைத்தார்கள், விமானம் தேறவில்லை.

மாற்று விமானம் ஒன்று ஜப்பானில் தயாராக இருந்தது. கிழக்குப் பக்க ஏற்பாடுகளைக் கவனித்த கர்னல் புரூம் அதை அங்கே வைத்திருந்தார். ஆனால் ஹக்கொடாத்தேவிலிருந்து அக்யாபுக்குச் சரக்குக் கப்பலில் வந்து சேர்வதற்குள் பருவம் தவறிவிடும். தன் வீரர்களுக்குப் போட்டியான பயணம் என்று தெரிந்தும் அமெரிக்கக் கடற்படை முன்வந்தது. ஒரு கப்பல் ஹாங்காங் வரை, அடுத்தது அக்யாப் வரை பெட்டிகளைக் கொண்டுவந்தது. பூட்டிய இரண்டாவது வல்ச்சர் ஜூன் 25 அன்று கிளம்பியது. பாங்காக், ஹாங்காங், ஷாங்காய், ஜப்பான், குரில் தீவுகள். ஆகஸ்ட் முதல் வாரத்தில் கம்சாத்காவிலிருந்து கிழக்கே பறந்தபோது மூடுபனி சூழ்ந்தது. பெரிங் தீவுக்கருகே கொந்தளித்த கடலில் இறங்கினார்கள். அலை விமானத்தைச் சிதைத்தது. மிதக்கும் வரை மிதக்கட்டும் என்று நீரிலேயே ஓட்டி, நிக்கோல்ஸ்கோயே கரையை எட்டினார்கள். வடபசிபிக்கில் அவர்களுக்காக எரிபொருளை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்த கனடியக் கடற்படையின் ‘தியெப்வல்’ கப்பல் அவர்களை மீட்டது. உலகப் பயணம் அங்கே முடிந்தது.

வென்றது அமெரிக்கா. ஏப்ரல் 6 அன்று சியாட்டிலிலிருந்து கிளம்பிய நான்கு டக்ளஸ் விமானங்களில் இரண்டு, 175 நாட்களில் சுற்றை முடித்து செப்டம்பர் 28 அன்று திரும்பின. அவர்களுக்கும் எஞ்சின் தொல்லை குறைவில்லை. ‘சிகாகோ’ இந்தோசீனாவில் ஹுவே அருகே நீரில் இறங்கி நின்றது. ‘நியூ ஆர்லியன்ஸ்’ எஞ்சின் கராச்சியை நெருங்கும்போது உடைந்தது. ஆனால் அந்த விமானங்கள் ஈருடகம் அல்ல. கடல் வழியில் மிதவை பூட்டினார்கள். கல்கத்தாவில் மிதவையைக் கழற்றிச் சக்கரம் மாட்டினார்கள். ஒரு நேரத்தில் ஒரு சுமைதான். 15 உபரி எஞ்சின்கள், 14 ஜோடி மிதவைகள், இரண்டு விமானங்களுக்குப் போதுமான உதிரிப் பாகங்கள் வழியெங்கும் முன்கூட்டியே அனுப்பப்பட்டிருந்தன. எஞ்சின் உடையும் என்று நம்பிக் கிளம்பியவர்கள் ஜெயித்தார்கள். எங்கும் இறங்கலாம் என்று நம்பிக் கிளம்பியவர்கள், இறங்கிய இடத்திலெல்லாம் காத்திருந்தார்கள்.

இதில் மெக்லாரனின் திறமைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு எஞ்சின்களும் இரண்டு விமானங்களும் போயும், மூன்று பேரில் ஒருவர்கூடச் சாகவில்லை. ஆல்காக், ஸ்மித், பென்னட் ஆகியோரின் முடிவோடு ஒப்பிட்டால் அது சின்ன விஷயமல்ல. உயிரைக் காத்த அளவில் ஈருடகம் சொன்ன சொல் காத்தது. பயணத்தைக் காப்பது அதன் கையில் இல்லை.

மலாயாவும் பிற்பாடு தரையையே நம்பியது. 1937இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், பினாங்கு நகரங்களைத் தரை விமானங்களால் இணைத்தது. மலாக்காவுக்கு பத்து பெரெண்டாம் விமான நிலையம் வந்தது. அதே பத்து பெரெண்டாமில், ஆஸ்திரேலியாவில் பிறந்த ஈகிள் 150 என்ற இரண்டு இருக்கை விமானத்தை சி.டி.ஆர்.எம். நிறுவனம் கலப்புப் பொருளில் வார்த்தது. அங்கே பறக்கப் பழகும் இளைஞர்களுக்கு எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பதையும் பழக்குகிறார்கள்: மூக்கைத் தாழ்த்து, வேகத்தைக் காப்பாற்று, இறங்க இடம் பார். கீழே நெருங்கி நிற்கும் செம்பனை ஒரு பக்கம், நீரிணை மறு பக்கம். இடம் தேட நிமிடக் கணக்கில்தான் நேரம் இருக்கும். ஆகவே எங்கே இறங்குவது என்பதைக் கிளம்பும் முன்பே யோசித்து வைக்கச் சொல்கிறார்கள். உதிரி எஞ்சின்களை வழியெங்கும் முன்னதாக அனுப்பி வைத்த அமெரிக்கர்கள் செய்ததும் அதே வேலைதான்.