பாடநூலுக்குள் வந்த கட்டம்

கியூஆர் கோடுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. பிறந்தது 1994இல், ஜப்பானில். டொயோட்டாவுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் டென்ஸோ நிறுவனத்தில் அப்போது பெட்டிக்குப் பெட்டி பார்கோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பார்கோடில் சுமார் 20 எழுத்துதான் அடங்கும். என்ன பாகம், எத்தனை உருப்படி, எங்கே போக வேண்டும் என்று ஒரே பெட்டியில் பல பார்கோடுகள் ஒட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து செய்து தொழிலாளர்களுக்குக் கை ஓய்ந்துபோனது. அவர்களுடைய புலம்பலைக் காதில் வாங்கிக்கொண்டவர் மசாஹிரோ ஹாரா என்ற பொறியாளர்.

ஹாரா மதிய இடைவேளையில் 'கோ' ஆடுகிற பழக்கமுள்ளவர். கட்டம் போட்ட பலகையில் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடும் ஆட்டம் அது. பார்கோடில் தகவல் ஒரே திசையில்தான் ஓடுகிறது. பலகை மாதிரி நெடுக்கும் குறுக்குமாக எழுதினால் எவ்வளவோ அடங்குமே என்று அவருக்குத் தோன்றியது. அடங்கியது. வெறும் எண்களாக எழுதினால் ஒரு கோடில் 7,089 இலக்கங்கள் வரை கொள்ளும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. பெட்டியின் மேல் ஆயிரம் அச்சு இருக்கும். அதில் 'இதுதான் கோடு, இங்கே தொடங்குகிறது' என்று கருவிக்கு யார் சொல்வது? ஹாராவின் குழு விளம்பரத் துண்டுகள், பத்திரிகைகள், அட்டைப்பெட்டிகள் என்று கையில் கிடைத்த அச்சுத் தாள்களையெல்லாம் எடுத்துக் கறுப்பும் வெள்ளையும் என்ன விகிதத்தில் வருகின்றன என்று அளந்து பார்த்தது. எங்கும் மிக அரிதாகத் தென்பட்ட விகிதம் 1:1:3:1:1. கோடின் மூன்று மூலைகளிலும் கண் மாதிரி தெரிகிற சதுரங்கள் இந்தக் கணக்கில் வரையப்பட்டவை. எந்தக் கோணத்தில் பிடித்தாலும், தலைகீழாகவே பிடித்தாலும், கருவி முதலில் தேடுவது அந்த மூன்று கண்களைத்தான்.

தொழிற்சாலை என்றால் எண்ணெய்க் கறை படியும், காகிதம் கிழியும். அதற்காக ரீட்-சாலமன் என்ற பிழைதிருத்தக் கணக்கு உள்ளே சேர்க்கப்பட்டது. மிக உயர்ந்த நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் மிச்சத்தை வைத்து முழுத் தகவலையும் மீட்டுவிடும். வீட்டில் ஒரு பாடநூல் இருந்தால் சோதித்துப் பாருங்கள். கோடின் நடுவில் பேனாவால் சின்னதாகக் கிறுக்கினால் பெரும்பாலும் வேலை செய்யும். மூலைக் கண் ஒன்றின் வெள்ளை வளையத்தை மை பூசி அடைத்துவிட்டால் அநேகமாகத் திறக்காது. பாடநூலில் எதைக் கண்டாலும் மை பூசுகிற பிள்ளைகள் முதலில் கை வைப்பது அந்தக் கண்களில்தான் என்பது ஹாரா எதிர்பார்க்காத சங்கதி.

காப்புரிமை டென்ஸோ கையில் இருந்தும், யாரும் பயன்படுத்தலாம், பணம் வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். இந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் கோடு கிடங்கை விட்டு வெளியே வந்திருக்குமா என்பது சந்தேகம். 2000இல் பன்னாட்டுத் தரமானது, 2002இல் ஜப்பானிய செல்போன்களில் ஏறியது, பிறகு சீனாவின் கடைகள், நம் ஊர் டீக்கடைக் கல்லா. அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும்.

வகுப்பறைக்கு அது வந்த வழியில் முக்கியமான ஊர் பரிதேவாடி. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டத்துச் சிற்றூர். ரஞ்சித்சிங் டிசாலே 2009இல் அங்கே ஜில்லா பரிஷத் தொடக்கப்பள்ளிக்கு ஆசிரியராகப் போனபோது, பள்ளிக்கூடம் என்று இருந்தது மாட்டுத்தொழுவத்துக்கும் சாமான் அறைக்கும் நடுவில் ஒரு பாழடைந்த கட்டடம். பெண்பிள்ளைகள் வருவதே அபூர்வம். பாடநூலின் மொழியோ பிள்ளைகளின் வீட்டு மொழி இல்லை. அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள். டிசாலே முதலில் செய்தது கன்னடம் கற்றுக்கொண்டது. அப்புறம் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான பாடங்களை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்து, ஒவ்வொரு பாடத்தோடும் ஒரு கோடைச் சேர்த்தார். ஸ்கேன் செய்தால் பாட்டு வடிவில் செய்யுள், காணொலிப் பாடம், கதை, பயிற்சி.

பலரும் இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றியாகச் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோடு என்பது ஒரு முகவரி, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் எந்தப் பாட்டு இருக்க வேண்டும், எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் அந்தப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர். கன்னடம் படிக்காமல் கோடை மட்டும் ஒட்டியிருந்தால் அந்த ஊரில் எதுவும் நடந்திருக்காது.

அவருடைய யோசனையைச் சோதித்துப் பார்த்த மகாராஷ்டிர அரசு, மாநிலம் முழுவதும் பாடநூல்களில் கோடு வரும் என்று 2017இல் அறிவித்தது. அடுத்த ஆண்டு என்சிஇஆர்டி புத்தகங்களுக்கும் அதே அறிவிப்பு வந்தது. 2020 டிசம்பரில் டிசாலேக்கு உலக ஆசிரியர் விருது கிடைத்தது. பரிசு 10 லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

இதற்கிடையே 2017 ஆசிரியர் தினத்தன்று மத்திய அரசின் 'தீக்‌ஷா' இணையவழிப் பாடத் தளம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2018இல் 1, 6, 9, 11 வகுப்புகளுக்குப் புதிய பாடநூல்கள் வந்தபோது கோடும் கூடவே வந்தது. அடுத்த ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. 'விரைவுக் குறியீடு' என்று பெயர் வைத்தார்கள். கணக்குப் புத்தகத்தில் 'இணையச் செயல்பாடு' என்று தனிப் பக்கம், படி 1, படி 2 என்று விளக்கம், ஜியோஜீப்ராவில் போய் முக்கோணத்தின் முனையை இழுத்துப் பார்க்கலாம். பாடத்தோடு வருகிற தீக்‌ஷா கோடுக்குக் கீழே ஆறு எழுத்தில் ஒரு குறியீடும் இருக்கும். கேமரா சரியில்லாத போனில் அதைத் தட்டினாலும் போதும். இந்த ஏற்பாட்டில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. புத்தகத்தில் அச்சாவது முகவரி மட்டும்தான், முகவரியில் இருக்கிற காணொலியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், புத்தகத்தை மறுபடி அச்சடிக்க வேண்டியதில்லை.

சரி, வகுப்பறையில் நடப்பது என்ன? அரசுப் பள்ளியில் பிள்ளைகள் செல்போன் கொண்டுவரக் கூடாது. ஸ்கேன் செய்ய வேண்டியது டீச்சருடைய சொந்த போன், செலவாவது அவருடைய டேட்டா. ஐந்து அங்குலத் திரையைச் சுற்றி முப்பது தலைகள் முட்டிக்கொள்ளும். முன்னால் நிற்கிறவனுக்கு இதயத்தின் நான்கு அறைகள் தெரியும், பின்னால் நிற்கிறவளுக்கு முன்னால் நிற்கிறவனின் முதுகு தெரியும். விவரம் தெரிந்த டீச்சர்கள் முதல் நாள் இரவே காணொலியை இறக்கி வைத்துக்கொண்டு, காலையில் நெட் இல்லாமலே காட்டுவார்கள். போனை டம்ளருக்குள் வைத்துச் சத்தத்தைக் கூட்டுகிற வித்தையும் அவர்களுக்குத் தெரியும். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இது இருக்காது. அதே போனில்தான் வருகைப் பதிவு, எமிஸ் என்ற கல்வித் துறைத் தகவல் தளத்தில் பதிவேற்றம் எல்லாம். மணி அடித்தபின் முதலில் திறக்க வேண்டிய செயலி எது என்பதில் பாடம் பல நாள் தோற்றுப்போகும்.

2020இல் பள்ளிகள் மூடியபோது கோடு வீட்டுக்குப் போனது. போன் அப்பாவிடம், அப்பா வேலைக்குப் போயிருக்கிறார். ராத்திரி அவர் வந்து போனைக் கொடுக்கும்போது பிள்ளை தூங்கிவிட்டிருக்கும். கோடை நம்ப முடியாத வீடுகளுக்குக் கல்வித் தொலைக்காட்சிதான் கைகொடுத்தது. 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்து, தன்னார்வலர்கள் தெருத் திண்ணையில் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள்.

இப்போது நிலைமை மாறிவருகிறது. தொடக்கப்பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள் வந்திருக்கின்றன, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுத்திருக்கிறார்கள், 2023இல் காணொலிப் பாடங்களுக்கான 'மணற்கேணி' செயலி வந்தது. முட்டிக்கொள்கிற தலைகள் கொஞ்சம் குறைந்திருக்கும். ஆனால் வசதி வந்தாலும், கோடு அதிகாரபூர்வமானது என்பதற்காக அது சரியான இடத்துக்குத்தான் கூட்டிப்போகும் என்று நம்பிவிட முடியாது. அதற்கு ஒரு சாட்சி உண்டு. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு வினாத்தாளில் இருந்த ஒரு கோடு, யூடியூபில் ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் பழைய ஆங்கிலப் பாட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. வினாத்தாள் உண்மையானதுதான் என்று வாரியமே விளக்கம் கொடுக்க வேண்டியதாயிற்று.

பரிதேவாடியில் கோடு ஒரு ஆசிரியர் தன் வகுப்புக்குச் செய்தது. பாடநூலில் ஏறியதும் அது மேலிருந்து அச்சாகி வருவதாகி, ஆசிரியர் அதை ஸ்கேன் செய்து காட்டுகிறவராக ஆகிவிட்டார். எண்ணிக்கையில் நாம் எங்கேயோ போய்விட்டோம், உண்மைதான். நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் ராமேஸ்வரத்தில் மீனவர் பிள்ளைக்கும் அலையைப் பற்றி ஒரே காணொலி போதும் என்று முடிவானதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே பாடநூல்களை அடுத்த முறை திருத்தப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசின் கோடு இருக்கட்டும். அதன் பக்கத்தில், ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பக்கத்திலும், இரண்டு அங்குலச் சதுரம் ஒன்றைக் காலியாக விடுங்கள். அந்த வகுப்பு ஆசிரியர் தன் குரலில் பதிந்த விளக்கத்தையோ, தன் ஊர்க் குளத்தின் காணொலியையோ கோடாக்கி அங்கே ஒட்டிக்கொள்வார். கோடு செய்யச் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆசிரியருக்கு வேண்டியது வாரத்தில் ஒரு பாடவேளை நேரம். அதை எமிஸிலிருந்து மீட்டுக் கொடுங்கள்.