கைனசின்

நரம்பணுவுக்குள் சரக்கு சுமக்கும் இயக்கப் புரதம் இது. 1985இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் ஊசிக் கணவாயின் பெரிய நரம்பிழையிலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டனர். ‘கினெய்ன்’ என்றால் கிரேக்கத்தில் ‘அசை’. ‘-இன்’ புரதங்களுக்கு வழக்கமான வால். நம் ‘சினிமா’வும் அதே வேரில் கிளைத்ததுதான்: பேசும்படத்துக்கு முந்திய அசையும் படம்.

பெயர் ஒருமை, பொருள் கூட்டு. இரண்டு கனச் சங்கிலிகளும் இரண்டு இலேசுச் சங்கிலிகளும் சேர்ந்தே ஒரு முழுக் கைனசின். செல்லுக்குள் பாதையாக அமையும் நுண்குழல் மேல் 8 நானோமீட்டர் அடி வைத்து நடப்பது கனச் சங்கிலியின் தலை; சரக்கைப் பிடிப்பதில் இலேசுச் சங்கிலிக்குப் பங்குண்டு.

ஆகவே ஆய்வகத்தில் இதைக் கண்டறிய உதவும் எதிர்ப்பொருளை ‘கைனசின் எதிர்ப்பொருள்’ என்று மட்டும் சொன்னால் எதுவும் விளங்காது. எந்தத் துணையலகுக்கு, அதாவது எந்தச் சங்கிலிக்கு, உரியது? புரதங்களை எடைவாரியாகப் பிரித்து எதிர்ப்பொருளால் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டில் கனச் சங்கிலியின் பட்டை ஏறத்தாழ 120 கிலோடால்டனில் விழும். இலேசுச் சங்கிலியின் பட்டை 60–70க்குள் இறங்கிவிடும். எஸ்யூகே4 என்ற புகழ்பெற்ற எதிர்ப்பொருள் கடல் முள்ளெலியின் கனச் சங்கிலிக்கு எதிராக உருவானது (முதல் மூன்று எழுத்தும் ஆங்கிலத்தில் ‘கடல் முள்ளெலிக் கைனசின்’ என்பதன் சுருக்கம்). அது கண்டறிவதோடு நிற்பதில்லை. தலையைப் பற்றி நடையையே நிறுத்திவிடும்.

எதிர்ப்பொருள் குப்பி வாங்குமுன் துணையலகின் பெயரையும், எந்த உயிரினத்தில் சோதிக்கப்பட்டது என்பதையும் சீட்டில் பார்த்துவிடுங்கள்.