பன்னிரண்டு பேர் போட்ட கணக்கு

நம் கல்லூரியில் நான் பி.எஸ்ஸி. கணிதம் படித்தது 1976 முதல் 1979 வரை. ஒரு நாள் எண்ணியல் முறைகள் வகுப்பில் பேராசிரியர் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தினார். "நீங்கதாம்ப்பா இரும்புக் கம்பி. இந்த முனை 100 டிகிரி, அந்த முனை 0. ரெண்டு பக்கத்துக்காரன் எண்ணையும் கூட்டி, பாதியை எழுதணும்" என்றார். பன்னிரண்டு மாறிகள், பன்னிரண்டு சமன்பாடுகள். அவர் கை தட்டியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் பழைய எண்களைப் பார்த்துப் புதியதை எழுதினோம். அதுவே ஜகோபி முறை.

தனி ஆளாகப் போட்டால் காஸ்-சைடல் முறை ஏறத்தாழ பாதிச் சுற்றில் முடித்துவிடும். ஆனால் அதில் முன்னவன் முடிக்கும்வரை அடுத்தவன் காத்திருக்க வேண்டும். ஜகோபியில் காத்திருப்பு இல்லை என்று நினைத்தோம். இருந்தது! இரவில் லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்துவிட்டு வரும் நண்பன் தூக்கக் கலக்கத்தில் தடுமாற, பதினோரு பேரும் நின்றோம். "டேய், உன்னாலதாண்டா!" என்று கத்தினோம். "அவனைத் திட்டாதீங்க. பிரிச்சுக் கொடுத்தவன் நான். பக்கத்துல இருக்கிறவன் அவன் கணக்கையும் சேர்த்துப் போடு" என்றார் பேராசிரியர். பக்கத்தில் நின்றவன் நான். காதில் விழாதவன்போல் நின்றேன். மணி அடித்துவிட்டது.

1980-களில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குக் கேட்ட கிரே சூப்பர் கம்ப்யூட்டரை அமெரிக்கா தர மறுத்தது. வானிலைக் கணிப்புக்கென அதனினும் சிறிய கிரே எக்ஸ்-எம்.பி. 14 மட்டும் 1988-ல் டில்லிக்கு வந்தது. அதற்கு முன்பே, 1986-ல், பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் நான்கு செயலிகளை இணைத்து 'ஃப்ளோசால்வர்' என்ற இணைக் கணினியைச் செய்திருந்தது. 1988-ல் தொடங்கிய புனே சி-டாக், விஜய் பட்கர் தலைமையில் 1991-ல் 'பரம் 8000'-ஐ வெளியிட்டது. இன்று பக்கத்துத் திருச்சி என்.ஐ.டி.யிலேயே 2022-ல் நிறுவிய 'பரம் பொருள்' இருக்கிறது. நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள் போடக்கூடியது.

இவற்றிலும் பெரிய சமன்பாட்டுத் தொகுதிகளை எங்கள் வரிசைபோலத்தான் துண்டு போடுகிறார்கள். அண்டையவரிடம் எல்லை எண்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு செயலி பின்தங்கினால் மற்றவை நிற்கும். அதனால் சுமையைச் சமமாகப் பகிர்வதே பெரும்பாடு.

நண்பன் அடுத்த ஆண்டு படிப்பை நிறுத்திவிட்டான். இம்மலர் கைக்குக் கிடைத்தால், மாப்ளே, அடுத்த கூட்டத்துக்கு வந்துடு. பக்கத்து நாற்காலியில்தான் இருப்பேன்.